சாசேஜ், சலாமி, ஹாம் புதுசா வாங்க ஆரம்பிச்சிருக்கீங்களா? பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க

சென்னைல இப்ப கொஞ்சம் பெரிய சூப்பர் மார்க்கெட் எதுக்குப் போனாலும் ஐஸ்க்ரீம் பெட்டிக்குப் பக்கத்துலயே இன்னொரு பெட்டி நிக்குது, உள்ள சிக்கன் சாசேஜ், சலாமி, ஹாம், நகெட்ஸ், சீக் கபாப்னு அடுக்கி வெச்சிருக்காங்க. ஓஎம்ஆர் பக்கம் ரூம் எடுத்து தங்கியிருக்கற பசங்களுக்கு அதுதான் ராத்திரி சாப்பாடு, ஸ்கூல் வேன் ஏழரைக்கு வந்துடும்னு ஓடற வீடுகள்ல அதுதான் டிபன் பாக்ஸ். இன்னொரு பக்கம் ஃபேமிலி க்ரூப்ல யாராவது ஒரு சித்தப்பா "சாசேஜ் சிகரெட்டுக்கு சமம்"னு ஒரு மெசேஜ் போட்டு விட்டுடறார். சாப்பிடறவங்க பயந்துக்கிட்டே சாப்பிடறாங்க, பயப்படாதவங்க தினமும் சாப்பிடறாங்க, ரெண்டுமே சரியில்ல.

இது புதுசா இந்த சமாச்சாரத்துக்குள்ள வர்றவங்களுக்கு. என் கட்சி என்னன்னு முன்னாடியே சொல்லிடறேன்: பிரிசர்வேட்டிவ் இருக்கா இல்லையாங்கறதை விட எவ்வளவு அடிக்கடி சாப்பிடறோம்ங்கறதுதான் பெரிய கேள்வி, ஆனா அந்தக் கேள்வியைக் கேக்கறதுக்கே பாக்கெட்ல என்ன எழுதியிருக்குன்னு படிக்கத் தெரிஞ்சிருக்கணும்.

முதல்ல எது இந்தக் கணக்குல வரும், எது வராது

கறிக்கடை பாய் கிட்ட வாங்கற கொத்துக்கறி, சிக்கன் கடைல வெட்டி வாங்கற கால் கிலோ போன்லெஸ், அதையே ஐஸ்ல வெச்சு பாக்கெட்ல விக்கற பச்சை சிக்கன், இதெல்லாம் ப்ராசஸ்டு மீட் கிடையாது. வெட்டினதாலயோ அரைச்சதாலயோ ஃப்ரீஸ் பண்ணதாலயோ மட்டும் அது ப்ராசஸ்டு ஆகிடாது. உப்புல ஊற வெச்சது, நைட்ரைட்ங்கற பிரிசர்வேட்டிவ் போட்டு பதப்படுத்தினது, புளிக்க வெச்சது, புகை போட்டது, இப்படி ருசிக்காகவோ கெடாம இருக்கறதுக்காகவோ மாத்தின கறிதான் அந்தப் பேர்ல வரும். சாசேஜ், ஹாம், பேக்கன், சலாமி, பெப்பரோனி, டின்ல வர்ற கறி எல்லாம் இதுல அடக்கம்.

நகெட்ஸ், பாட்டீஸ் மாதிரி ரொட்டித்தூள் போட்டு ஃப்ரீஸ் பண்ணது கொஞ்சம் நடுவாந்திரம். ஃப்ரீசர் குளிரே கெடாம பார்த்துக்கறதால நிறைய பாக்கெட்ல நைட்ரைட் இருக்காது, ஆனா உப்பு இருக்கும், மாவு இருக்கும், எண்ணெய்ல பொரிச்சுதான் சாப்பிடுவோம். அதனால அதையும் திருப்பிப் பார்த்துட்டுதான் முடிவு பண்ணணும்.

நம்ம ஊர் உப்புக்கண்டம்? நைட்ரைட் போடாம வெறும் கல்லுப்பும் மஞ்சளும் போட்டு காய வெச்சாலும் உப்புல பதப்படுத்தின கறிங்கற வகைலதான் வரும். பாட்டி பண்ணதுங்கறதால கணக்குல இருந்து தப்பிச்சிடாது. வருஷத்துல எப்பவோ ஒரு தடவை பொரிச்சு சாப்பிடற சாமானுக்காக யாரும் தூக்கம் கெட வேண்டாம், அவ்வளவுதான்.

ஷவர்மாவையும் சிலர் இதுல சேர்க்கறாங்க. அது வேற பிரச்சனை, அங்க பயம் சரியா வேகாத கறியும் வெளில ரொம்ப நேரம் நின்ன மயோனைஸும். பச்சை முட்டைல பண்ற மயோனைஸை தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல்ல ஒரு வருஷத்துக்குத் தடை பண்ணது அதனாலதான். பிரிசர்வேட்டிவ் பஞ்சாயத்தோட அதைக் குழப்பிக்காதீங்க.

அந்த நைட்ரைட்டை எதுக்கு போடறாங்க

கம்பெனிக்காரன் விஷம் வெக்கணும்னு போடறது இல்ல. க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்னு ஒரு பாக்டீரியா இருக்கு, அதுக்கு காத்து ஆகாது, காத்து புகாத இடம்தான் புடிக்கும், அதாவது டின்னுக்குள்ள, வேக்யூம் பண்ண பாக்கெட்டுக்குள்ள, தடியா இருக்கற சாசேஜோட நடுவுல. அது வளர்ந்து விடற நஞ்சு நரம்பைத் தாக்கி மூச்சையே நிறுத்திடும். 1800களோட ஆரம்பத்துல ஜெர்மனில ஜஸ்டினஸ் கெர்னர்னு ஒரு டாக்டர் சாசேஜ் சாப்பிட்டு செத்தவங்களைப் பத்தி எழுதி வெச்சது இந்த நோயைப் பத்திதான், அப்ப கிருமியால நோய் வரும்ங்கறதே தெரியாது. சோடியம் நைட்ரைட் அந்தக் கிருமியை வளர விடாது. அதோட கறிக்கு சிவப்பு நிறம் குடுக்கற மயோகுளோபின்ங்கற புரதத்தோட சேர்ந்து அந்த ரோஸ் கலரையும் குடுக்குது, பழகின அந்த ஹாம் வாசனையும் ருசியும் அதுல இருந்துதான் வருது.

பிரச்சனை எங்க ஆரம்பிக்குதுன்னா, இதே நைட்ரைட் கறில இருக்கற புரதத்தோட துண்டுகளோட சேர்ந்து நைட்ரோசமைன்னு சில பொருட்களை உருவாக்கும், அதுல பல வகை கேன்சரைத் தூண்டக்கூடியது. இது ரெண்டு இடத்துல நடக்கும்: ரொம்ப சூட்டுல வறுக்கும்போது வாணலில, சாப்ட்டப்புறம் வயித்துக்குள்ள. ஆடு, மாடு, பன்றி மாதிரி சிவப்புக் கறில நிறைய இருக்கற ஹீம்ங்கற இரும்பு கலந்த பொருளும் குடல்ல இந்த வேலையை அதிகப்படுத்துது.

ஆக ஒரு ஆபத்தைத் தடுக்கறதுக்காக போடற சாமான் இன்னொரு ஆபத்தைக் கொஞ்சம் கூட்டுது. முதல் ஆபத்து அபூர்வம், ஆனா வந்தா நாள் கணக்குல ஆளைச் சாய்ச்சிடும். ரெண்டாவது மெதுவா, வருஷக் கணக்குல, நிறைய சாப்பிடறவங்களுக்கு வர்றது.

கேன்சர் நம்பரைச் சரியா படிக்கறது

2015 அக்டோபர்ல உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு, ஐஏஆர்சின்னு சொல்லுவாங்க, பத்து நாட்டுல இருந்து 22 நிபுணர்களை உக்கார வெச்சு 800க்கு மேல ஆய்வுகளைப் பார்த்து, ப்ராசஸ்டு மீட்டை முதல் குரூப்ல போட்டாங்க. பெருங்குடல் கேன்சர் வரும்ங்கறதுக்கு மனுஷங்க கிட்டயே போதுமான ஆதாரம் இருக்குன்னு அர்த்தம். சிகரெட்டும் அதே குரூப்லதான் இருக்கு. நம்ம சித்தப்பா மெசேஜ் பொறந்தது இங்கதான்.

ஆனா அந்த குரூப் சொல்றது ஆதாரம் எவ்வளவு உறுதிங்கறதை மட்டும்தான், ஆபத்து எவ்வளவு பெருசுங்கறதை இல்ல. அதே நேரத்துல உலக சுகாதார நிறுவனம் எடுத்துக் காட்டின கணக்குப்படி, ப்ராசஸ்டு மீட் அதிகமா சாப்பிடறதால உலகம் முழுக்க வருஷத்துக்கு சுமார் 34,000 கேன்சர் சாவு, புகையிலையால சுமார் 10 லட்சம், சாராயத்தால சுமார் 6 லட்சம். ஒரே குரூப்தான், ஆனா அளவைப் பாருங்க எவ்வளவு தூரம்.

அடுத்தது ஐஏஆர்சி சொன்ன அந்த 18 சதவீதம். தினமும் 50 கிராம் சாப்பிட்டா பெருங்குடல் கேன்சர் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடுதுன்னு சொன்னாங்க. நூத்துல பதினெட்டு பேருக்கு வரும்னு இதைப் படிக்கறவங்க நிறைய பேர். அப்படி இல்ல, ஏற்கனவே இருக்கற வாய்ப்பு மேல 18 சதவீதம். பிரிட்டன்ல போட்ட ஒரு கணக்குல, ரொம்பக் கம்மியா சாப்பிடறவங்க ஆயிரம் பேர்ல வாழ்நாள்ல சுமார் 56 பேருக்கு வருது, ரொம்ப அதிகமா சாப்பிடறவங்க ஆயிரம் பேர்ல சுமார் 66 பேருக்கு வருது. அந்தப் பத்து பேர்தான் வித்தியாசம். சும்மா ஒதுக்கித் தள்ளற நம்பரும் இல்ல, பாக்கெட்டைப் பார்த்ததும் அலறி ஓடற நம்பரும் இல்ல. இந்தியாவுல இந்த கேன்சர் பிரிட்டன் அளவுக்கு இல்லைங்கறதையும் சேர்த்துப் பாருங்க.

"நாங்க சிக்கன் சாசேஜ்தான், பீஃபோ போர்க்கோ இல்ல"ன்னு சமாதானம் சொல்றவங்களுக்கு: சிக்கன்ல ஹீம் கம்மிங்கறது உண்மை, பெரும்பாலான ஆய்வுகள் மாடு, பன்றிக் கறி சாப்பிடற நாடுகள்ல பண்ணதுங்கறதும் உண்மை. ஆனா நைட்ரைட் சிக்கன்ல போட்டாலும் நைட்ரைட்தான், உப்பும் உப்புதான்.

இப்ப பாக்கெட்டைத் திருப்புங்க

முன்பக்கத்தை விட்டுடுங்க, அங்க பச்சைத் தோட்டமும் சிரிக்கற குழந்தையும்தான் இருக்கும். பின்னாடி பொடி எழுத்துல, சில நேரம் மடிப்புக்குள்ள, மூலப்பொருள் பட்டியல் இருக்கும். கண்ணுக்குத் தெரியலைன்னா போன்ல போட்டோ எடுத்து பெருசு பண்ணிப் பாருங்க, கடைல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

பட்டியல்ல எது எடைல அதிகமோ அதுதான் முதல்ல வரும், அதுதான் விதி. முதல் பேர் சிக்கன்னு இருக்கணும். சிக்கனுக்கு அடுத்தே தண்ணி, அப்புறம் ஸ்டார்ச், சோயா புரதம், எண்ணெய்னு போச்சுன்னா நீங்க கறி விலைக்கு மாவு வாங்கறீங்கன்னு அர்த்தம். சில பாக்கெட்ல சிக்கன் இத்தனை சதவீதம்னே போட்டிருப்பாங்க, பக்கத்து பாக்கெட்டோட வெச்சுப் பாருங்க, அதிர்ச்சியா இருக்கும்.

அப்புறம் பிரிசர்வேட்டிவ்னு ஒரு வார்த்தை வரும், பக்கத்துலயே ஐஎன்எஸ் போட்டு ஒரு நம்பர், சாப்பாட்டுல சேர்க்கற பொருட்களுக்கு உலக அளவுல குடுத்திருக்கற நம்பர் அது. வெளிநாட்டு பாக்கெட்டா இருந்தா இ-ன்னு ஒரு எழுத்து போட்டு அதே நம்பர் இருக்கும். இதுல மனப்பாடம் பண்ண வேண்டியது நாலே நாலுதான்: 249, 250, 251, 252. 249 பொட்டாசியம் நைட்ரைட், 250 சோடியம் நைட்ரைட், 251 சோடியம் நைட்ரேட், 252 பொட்டாசியம் நைட்ரேட், அதாவது நம்ம வெடியுப்பு. சாசேஜ்லயும் சலாமிலயும் அதிகமா கண்ணுல படறது 250.

மத்த நம்பர் எல்லாம் பார்த்துப் பயந்துடாதீங்க, பாதி பேர் இங்கதான் குழம்பறாங்க. 300, 301, 316 எல்லாம் வைட்டமின் சி குடும்பமும் அதோட ஒண்ணுவிட்ட சொந்தமும், நைட்ரோசமைன் உருவாகறதைக் குறைக்கறதுக்குன்னே நைட்ரைட்டோட சேர்த்துப் போடறது. 250 இருக்கற பாக்கெட்ல 316ம் இருந்தா அது நல்ல விஷயம். அமெரிக்காவுல பேக்கன்ல நைட்ரைட் போட்டா இந்த வகைல ஒண்ணைக் கட்டாயம் சேர்க்கணும்னே சட்டம் இருக்கு. 450, 451, 452 பாஸ்பேட்டுங்க, கறில தண்ணியைப் பிடிச்சு வெக்கறதுக்கு. கிட்னி பிரச்சனை இருக்கறவங்க மட்டும் இதைப் பார்த்தே ஆகணும், டாக்டர் ஏற்கனவே பாஸ்பரஸ் குறைக்கச் சொல்லியிருப்பார். 621 அஜினோமோட்டோ, அதைப் பத்தின சண்டை தனி, இங்க வேண்டாம். 202, 211னு சிலதுல வரும், சார்பேட், பென்சோயேட், அது நைட்ரைட் வகை இல்ல.

நம்பருக்குக் கீழ சத்து அட்டவணைல சோடியம்னு ஒரு வரி இருக்கும், 100 கிராமுக்கு எவ்வளவுன்னு. நேர்மையா சொல்லணும்னா நிறைய வீட்டுக்கு நைட்ரைட்டை விட இதுதான் உடனடிப் பிரச்சனை. ஒரு நாளைக்கு மொத்தமா 2000 மில்லிகிராம் சோடியத்துக்குக் கீழ, அதாவது 5 கிராம் உப்புக்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பாக்கெட்ல 100 கிராமுக்கு 900னு போட்டிருந்து நீங்க நூறு கிராம் சாப்ட்டா அன்னிக்கு கோட்டால பாதி கிட்ட காலி, அதுக்கு மேல சாம்பார், ஊறுகாய், அப்பளம் எல்லாம் வரிசைல நிக்குது. வீட்டுல அப்பாவுக்கு பிபி மாத்திரை ஓடுதுன்னா கேன்சர் மெசேஜை விட்டுட்டு இந்த வரியைத்தான் அவருக்குப் படிச்சுக் காட்டணும்.

கடைசியா எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம் குடுக்கற 14 இலக்க லைசென்ஸ் நம்பர், பேக் பண்ண தேதி, எக்ஸ்பைரி, எந்த வெப்பநிலைல வெக்கணும்ங்கற வரி. பிரவுன் கலர் முக்கோணம் அசைவக் குறி, அது எல்லாத்துலயும் இருக்கும். தெருமுனைல லேபிள் இல்லாத கவர்ல கட்டி "ஹோம்மேட் சாசேஜ்"னு விக்கறதை, தெரிஞ்சவங்க பண்ணதா இருந்தாலொழிய, நான் வாங்க மாட்டேன்.

"நோ பிரிசர்வேட்டிவ்"னு போட்டிருந்தா

இதுக்கு மூணு அர்த்தம் இருக்கலாம். ஒண்ணு, உண்மையிலயே போடல, ஃப்ரீசர் குளிரை நம்பி விக்கறாங்க. அது நல்லதுதான், ஆனா அப்ப வீட்டுக்கு வர்ற வரைக்கும் குளிர் விடாம பார்த்துக்கற பொறுப்பு உங்க தலைல வந்துடுச்சு. ரெண்டாவது, செலரிக் கீரைப் பொடி மாதிரி ஏதாவது போட்டிருப்பாங்க. அதுல இயற்கையாவே நைட்ரேட் அதிகம், பாக்டீரியாவை வெச்சு அதை நைட்ரைட்டா மாத்தி கறில சேர்ப்பாங்க, கறிக்குள்ள போனப்புறம் ரெண்டும் ஒரே மூலக்கூறுதான்.  இறக்குமதி பாக்கெட்ல இது அதிகம். மூணாவது, உப்பும் காலமும் மட்டும் போட்டு பண்றது, இத்தாலியோட பார்மா ஹாம் மாதிரி, பன்றித் தொடையும் உப்பும் மட்டும்தான், மாசக் கணக்குல பக்குவம் பண்ணுவாங்க. அதுல நைட்ரைட் கிடையாது, உப்பு நிறைய.

கடைலயே சோதிக்க முடியாது, ஆனா வீட்டுல ஒண்ணு கவனிக்கலாம். வெந்த சிக்கன் வெள்ளையாவோ லேசா சாம்பல் கலராவோதான் இருக்கும். சாசேஜை வேக வெச்சப்புறமும் உள்ள ரோஸாவே இருந்தா பெரும்பாலும் ஒண்ணு நைட்ரைட், இல்ல கலர் பொடி. பாக்கெட்ல எது எழுதியிருக்குன்னு போய்ப் பாருங்க, ரெண்டுமே எழுதலைன்னா அந்தப் பாக்கெட்டை மறுபடி வாங்காதீங்க.

இங்க ஒரு எதிர்க்கேள்வி வரும், கீரைலயும் பீட்ரூட்லயும் நைட்ரேட் இருக்கே, அப்ப அதையும் நிறுத்தணுமான்னு. வேண்டாம். நம்ம உடம்புக்குள்ள போற நைட்ரேட்ல பெரும்பங்கு காய்கறில இருந்துதான் வருது, ஆனா அதோட வைட்டமின் சி, நார்ச்சத்து எல்லாம் கூடவே வருது, ஹீம் வர்றதில்ல, வாணலில கருக வறுக்கறதும் இல்ல. கோயம்பேட்டு முளைக்கீரையை நிறுத்திட்டு சலாமி சாப்பிடறதுக்கு இதை ஒரு சாக்கா எடுத்துக்காதீங்க.

எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒரு தடவை

50 கிராம்ங்கறது எவ்வளவுன்னு தெரியாமலே எல்லாரும் பேசறோம். பாக்கெட்டோட நிகர எடையை உள்ள இருக்கற எண்ணிக்கையால வகுத்துடுங்க. 250 கிராம் பாக்கெட்ல பத்து சாசேஜ்னா ஒண்ணு 25 கிராம், ரெண்டு சாப்ட்டாலே அந்த 50 வந்துடுச்சு. தினமும் காலைல ரெண்டு சாசேஜ், அந்த ஆய்வுல சொன்ன ஆள் நீங்கதான்.

உலக கேன்சர் ஆராய்ச்சி நிதியம்னு ஒரு அமைப்பு சொல்றது இன்னும் கறார், ப்ராசஸ்டு மீட் சாப்ட்டா ரொம்பக் கொஞ்சமா சாப்பிடுங்க, முடிஞ்சா வேண்டாம்னு. இத்தனை கிராம் வரைக்கும் சேஃப்னு யாரும் கோடு போட்டுக் குடுக்கல. நான் நண்பர்களுக்குச் சொல்றது: வீட்டு மளிகை லிஸ்ட்ல இதை நிரந்தரமா வெக்காதீங்க, ஆசை வந்தா வாங்குங்க, முடிஞ்சதும் உடனே அடுத்தது வாங்காதீங்க. ஃப்ரீசர்ல இருந்தா கை போகும், இல்லைன்னா முட்டைக்குப் போகும். மாசத்துல ஒண்ணு ரெண்டு தடவை பீட்சால நாலு பெப்பரோனி வந்தா அதை எடுத்து ஓரமா வெச்சு கூட வந்தவங்க மூடைக் கெடுக்க வேண்டியதில்ல. ஹோட்டல் காலை பஃபேல ஓசில கிடைக்குதேன்னு சாசேஜ், பேக்கன், சலாமி மூணையும் தட்டு நிறைய அள்ளறவங்க மட்டும் கொஞ்சம் யோசிங்க, பக்கத்துலயே சுடச்சுட ஆம்லெட் போட்டுக் குடுக்க ஆள் நிக்கறார்.

குழந்தைங்க கணக்கு வேற. ஐரோப்பாவோட உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2017ல நைட்ரைட்டுக்கு தினசரி வரம்பா உடம்பு எடை ஒரு கிலோவுக்கு 0.07 மில்லிகிராம்னு உறுதி பண்ணாங்க. 60 கிலோ ஆளுக்கு 4.2 மில்லிகிராம், 20 கிலோ குழந்தைக்கு 1.4 தான். ஒரு கிலோ சாசேஜ்ல 50 மில்லிகிராம் நைட்ரைட் மிச்சம் இருக்குன்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்கிட்டா, 25 கிராம் சாசேஜ் ஒண்ணுலயே 1.25 வந்துடுது, குழந்தை ஒண்ணு சாப்பிட்டாலே வரம்பு கிட்ட போயிடுச்சு, அப்பா மூணு சாப்பிடலாம். இது ஒரு நாள் தாண்டினா உடனே ஏதோ ஆயிடும்ங்கற வரம்பு இல்ல, வாழ்நாள் பூரா தினமும் சாப்பிடறதுக்கான வரம்பு. ஆனா டிபன் பாக்ஸ் தினமும்தானே போகுது. ஐரோப்பிய யூனியன் 2023ல இன்னும் இறுக்கி புது விதி போட்டு, 2025 அக்டோபர்ல இருந்து கறில போடற நைட்ரைட் அளவைக் குறைச்சிருக்காங்க. ஒரு வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்கு இந்த வகை எதுவுமே வேண்டாம்.

கர்ப்பமா இருக்கறவங்களுக்கு நைட்ரைட்டை விட லிஸ்டீரியா கிருமிதான் கவலை. அது ஃப்ரிட்ஜ் குளிர்லயும் வளரும். தென்னாப்பிரிக்காவுல 2017, 2018ல பொலோனின்னு சொல்ற சாப்பிட ரெடியான ஒரு சாசேஜ் வகைல இருந்து பரவி 200 பேருக்கு மேல செத்தாங்க, அதுல பச்சக் குழந்தைங்க நிறைய. அதனால சலாமி, ஹாம் எதையும் பாக்கெட்ல இருந்து எடுத்து அப்படியே பிரெட்ல வெச்சுக் குடுக்காதீங்க, ஆவி பறக்கற அளவுக்கு சூடு பண்ணிட்டுதான்.

சமைக்கும்போது

நைட்ரோசமைன் ரொம்ப உருவாகறது கருகற சூட்டுல, அதனால சாசேஜை முதல்ல கொதிக்கற தண்ணில போட்டு உள்ள வரைக்கும் வேக வெச்சு, தண்ணியைக் கொட்டிட்டு, அப்புறம் தோசைக்கல்லுல லேசா நிறம் மாறற வரைக்கும் புரட்டி எடுங்க. கொஞ்சம் உப்பும் அந்தத் தண்ணியோட போயிடும். பேக்கனை மொறுமொறுன்னு கறுப்பாக்கித்தான் சாப்பிடுவேன்னு அடம் பிடிக்காதீங்க, இந்த விஷயத்துல மோசமான பேர் அதுக்குத்தான். வாணலில தங்கற அந்தக் கொழுப்புல முட்டை போடறது வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கு எதுக்கு.

கூட எலுமிச்சை பிழிஞ்ச வெங்காயம், தக்காளி, குடமிளகாய், கொய்யா ஏதாவது சாப்பிடுங்க, வைட்டமின் சி வயித்துக்குள்ள நடக்கற வேலையைக் கொஞ்சம் தடுக்கும். அதுக்காக நெல்லிக்காய் ஜூஸ் குடிச்சுட்டா தினமும் சாசேஜ் சாப்பிடலாம்னு கணக்கு போடாதீங்க.

வீடியோ பார்த்து வீட்டுலயே பேக்கன் பண்ணலாம்னு நைட்ரைட் பொடியை ஆன்லைன்ல வாங்கறவங்களுக்கு ஒரே வார்த்தை, வேண்டாம். பார்க்க உப்பு மாதிரியே இருக்கும், கொஞ்சம் அளவு மாறினாலும் உயிருக்கே ஆபத்து. உப்போட மாறிடக் கூடாதுன்னுதான் பதப்படுத்தற உப்புக்கு ரோஸ் சாயம் போட்டே விக்கறாங்க. தராசும் பயிற்சியும் இருக்கற ஆலைக்காரங்க வேலை அது.

சென்னை வெயில்ல கொண்டு வந்து வெக்கறது

கடைல மத்த சாமான் எல்லாம் எடுத்து முடிச்சுட்டு கடைசியா இதை எடுங்க. பாக்கெட்டுக்கு உள்ள பெரிய பெரிய ஐஸ் கட்டி இருந்தாலோ, சாசேஜ் எல்லாம் ஒண்ணா ஒட்டி வளைஞ்சு உறைஞ்சிருந்தாலோ அது நடுவுல எங்கயோ உருகி மறுபடி உறைஞ்சிருக்கு, வெச்சுட்டு வாங்க. மே மாச மத்தியானம் வண்டி டிக்கில போட்டு கத்திப்பாரா ட்ராஃபிக்ல நின்னீங்கன்னா நைட்ரைட் என்ன, எதுவுமே காப்பாத்தாது, கிருமி வளர்றதுக்கு 5 டிகிரில இருந்து 60 டிகிரி வரைக்கும்தான் கொண்டாட்டம். ஒரு தெர்மோகோல் பெட்டியோ ஐஸ் பையோ எடுத்துட்டுப் போங்க. ஆப்ல ஆர்டர் பண்ணா வந்ததும் கதவுகிட்டயே தொட்டுப் பாருங்க, கல்லு மாதிரி இல்லாம கொழகொழன்னு இருந்தா அங்கயே திருப்பிடுங்க.

வீட்டுல ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி, ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழ. பிரிச்ச சலாமி, ஹாம் ஃப்ரிட்ஜ்ல மூணுல இருந்து அஞ்சு நாள், அதுக்கு மேல எக்ஸ்பைரி தேதியைக் காட்டி வாதாடாதீங்க, அந்தத் தேதி பிரிக்காத பாக்கெட்டுக்குத்தான். உருகினதை மறுபடி உறைய வெக்காதீங்க, வாங்கின அன்னிக்கே ஒரு வேளைக்குத் தேவையான அளவா பிரிச்சு தனித்தனி கவர்ல போட்டுடுங்க.

கரன்ட் கட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கு. நிறைய சாமான் இருக்கற ஃப்ரீசர், கதவைத் திறக்காம இருந்தா சுமார் ரெண்டு நாள் குளிர் தாங்கும், பாதிதான் இருந்தா ஒரு நாள். ஃப்ரிட்ஜ் பகுதி நாலு மணி நேரம்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்ப வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கமெல்லாம் நாள் கணக்குல கரன்ட் இல்ல, அந்த மாதிரி ஆச்சுன்னா காசு போனா போகுதுன்னு தூக்கிப் போடறதுதான் சரி. மோந்து பார்த்து முடிவு பண்ணாதீங்க, பாட்டுலினம் நஞ்சுக்கும் லிஸ்டீரியாவுக்கும் தனியா ஒரு நாத்தம் கிடையாது.

அப்ப காலைல அவசரத்துக்கு என்னதான் பண்றது

சாசேஜ் ஜெயிக்கறது ருசில இல்ல, அவசரத்துல. அதனால அவசரத்துக்கு வேற வழி பண்ணி வெச்சா போதும். ஞாயித்துக்கிழமை எப்படியும் சிக்கன் கடைக்குப் போறோம், அப்ப அரை கிலோ போன்லெஸ் கூட வாங்கி கொத்தித் தரச் சொல்லுங்க, நிறைய கடைல மெஷின் இருக்கு. இஞ்சி பூண்டு விழுது, பச்சை மிளகாய், மிளகுத்தூள், கொத்தமல்லி, கொஞ்சம் சோம்பு, உப்பு, கட்டறதுக்கு ஒரு முட்டையும் பிரெட் தூளும். வடை மாதிரி தட்டி ஆவில பதினைஞ்சு நிமிஷம், உள்ள ரோஸ் தெரியாம வெந்திருக்கணும், ஆற வெச்சு பட்டர் பேப்பர் நடுவுல வெச்சு ஃப்ரீசர்ல போட்டுடுங்க. காலைல தோசைக்கல்லுல ரெண்டு பக்கமும் நல்லா சூடேறற வரைக்கும் போட்டு பன்னுக்குள்ள வெச்சா முடிஞ்சது. கலர் ரோஸா இருக்காது, குழந்தை முதல் நாள் மூஞ்சைத் தூக்கும், சாஸ் குடுங்க சரியாயிடும். இதுல பிரிசர்வேட்டிவ் இல்லாததால ஃப்ரிட்ஜ்ல வெச்சா ரெண்டு நாளுக்குள்ள முடிச்சுடணும்.

அதுக்கும் நேரம் இல்லாத ரூம் பசங்களுக்கு முட்டை பொடிமாஸ், நேத்து வெச்ச சிக்கன் சுக்காவைப் பிச்சுப் போட்ட சப்பாத்தி ரோல், பனீர், சுண்டல். ஒரு சாசேஜ் பாக்கெட் விலைக்கு ஒரு அட்டை முட்டை வருமான்னு பார்த்தா பல கடைல கிட்டத்தட்ட வந்துடும்.

பாக்கெட் சரியில்லைன்னா

உள்ள காத்து சேர்ந்து உப்பிப் போன வேக்யூம் பாக்கெட், கொழகொழன்னு நூல் விடறது, உப்பின டின், இதுல எதையும் ருசி பார்க்கக் கூடாது, வேக வெச்சுட்டா சரியாயிடும்னும் நினைக்கக் கூடாது. கடைக்காரர் பாக்கெட்டை வாங்கிட்டு காசைத் திருப்பிக் குடுத்துட்டா அதோட விட்டுடாதீங்க, அதே பேட்ச்ல இன்னும் பத்து பாக்கெட் அந்தப் பெட்டிக்குள்ளயே கிடக்கலாம். பில், பாக்கெட்டோட ரெண்டு பக்கம், பேட்ச் நம்பர், லைசென்ஸ் நம்பர் எல்லாம் தெளிவா தெரியற மாதிரி போட்டோ எடுத்து எஃப்எஸ்எஸ்ஏஐயோட ஃபுட் சேஃப்டி கனெக்ட் ஆப்ல புகார் போடலாம், அது நம்ம மாவட்ட உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்குப் போகும். லைசென்ஸ் நம்பர் உண்மைதானான்னும் எஃப்எஸ்எஸ்ஏஐ சைட்லயே போட்டுப் பார்த்துக்கலாம். புகார் போட்டு முடியற வரைக்கும் பாக்கெட்டைக் குப்பைல போடாம ரெண்டு கவர் சுத்தி ஃப்ரீசர்ல ஒரு மூலைல தள்ளி வெச்சு, மேல "சாப்பிடாதே"ன்னு எழுதி ஒட்டிடுங்க, ரூம்மேட் ராத்திரி பசில எடுத்துடுவான்.